மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

1968 அக்டோபர் 31 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டின்மத் என்ற சிற்றூரிலிருந்து டொனால்ட் குரோஹர்ஸ்ட் உலகைச் சுற்றிவரக் கிளம்பினார். தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், பாய்மரப் படகில் போக வேண்டும். லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ இதழ் அறிவித்திருந்த கோல்டன் குளோப் பந்தயத்தில் புறப்படுவதற்கு அதுவே கடைசி நாள். காசியாபாத்தில் பிறந்த குரோஹர்ஸ்ட் ஒரு மின்னணுப் பொறியாளர். அவருடைய படகான ‘டின்மத் எலக்ட்ரான்’, மூன்று உடல்களை இணைத்துக் கட்டிய ட்ரைமரான். படகு கவிழ்ந்தால் உணரிகள் அதைக் கண்டுகொள்ளும், பாய்மரத்தின் உச்சியில் இருக்கும் காற்றுப்பை தானாக ஊதிக்கொள்ளும் என்று அவர் திட்டம் போட்டிருந்தார். அன்றைக்கு அது பெரிய யோசனை. படகெங்கும் வயர் இழுத்தாகிவிட்டது. அந்த வயர்களை இணைக்க வேண்டிய கருவிதான் முடியவில்லை.

கடலில் இரண்டு வாரம் போவதற்குள் அதைவிடச் சாதாரணமான ஒரு குறை அவரை வாட்டத் தொடங்கியது. மூடிகளின் இடுக்கு வழியாகப் படகுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இறைப்பதற்குப் பம்ப் இருந்தது. ஆனால் உறிஞ்சும்போது நசுங்காத தடித்த ஹோஸ் ஒன்று வேண்டுமே, அது கரையிலேயே தங்கிவிட்டது. வாளியை எடுத்து அள்ளி ஊற்ற வேண்டியதாயிற்று. நவம்பர் நடுவில் படகின் குறைகளை அவர் வரிசையாக எழுதி வைத்தார். புயல் ஓயாத தென்கடலுக்குள் இந்தப் படகோடு போக முடியுமா என்ற கவலை அந்தப் பக்கங்கள் முழுக்க இருக்கிறது. அவர் அட்லான்டிக்கைத் தாண்டவே இல்லை. 1969 ஜூலை 10 அன்று, ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த படகை ஒரு கப்பல் கண்டெடுத்தது. அந்தச் சோகத்துக்குக் காரணங்கள் பல. ஒரு ஹோஸின் மேல் எல்லாவற்றையும் சுமத்த முடியாது. இருந்தாலும், உள்ளே வரும் தண்ணீரை வெளியேற்றும் ஏற்பாடு எந்த இடத்தில் முறியும் என்பதற்கு அந்த ஹோஸைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ட்ரைமரான் என்ற பெயர் ‘கேட்டமரான்’ என்பதைப் பார்த்து ஆக்கியது. அந்தக் கேட்டமரான் தமிழ்க் கடற்கரையின் கட்டுமரத்திலிருந்து போன சொல். கட்டுமரத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. கட்டைகளின் இடைவெளியில் ஏறும் அலை அதே வழியில் இறங்கிவிடும், தேங்க இடமில்லை. உட்குழிவான கலத்தைக் கட்டியபோதுதான் இறைக்கும் வேலையும் கூடவே வந்தது.

பாய்மரப் படகின் அடிவயிற்றில், ஏரா என்னும் அடிக்கட்டைக்குச் சற்று மேலே, எல்லாத் தண்ணீரும் வழிந்து வந்து சேரும் பள்ளத்தைப் பில்ஜ் என்கிறார்கள். தண்ணீர் பல வழிகளில் வரும். மழைநீர் பாய்மரத்தின் உள்ளே வழிந்து இறங்கும். குடிநீர்த் தொட்டியின் இணைப்பு கசியும். புரொபெல்லர் தண்டு படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தில், கசிவை அடைக்கும் கிளாண்ட் என்ற அமைப்புக்குள் கயிறு சுற்றியிருக்கும். பழைய வகைக் கிளாண்ட், தண்டு சுற்றும்போது சில வினாடிக்கு ஒரு சொட்டு விட்டால்தான் சூடேறாமல் இருக்கும். அதைச் சரியாக இறுக்காமல் விட்டால் படகு சும்மா நிற்கும்போதும் சொட்டும். ஐந்து வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் சேரும். ஒரு மாதம் ஆள் வராத படகில் அது 25 லிட்டர். தானியங்கிப் பம்ப் இருப்பது முதன்மையாக இதற்காகத்தான்.

அதன் அமைப்பு நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்மாறு. அங்கே தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும், இங்கே ஏறினால் ஓட வேண்டும். பள்ளத்தின் அடியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மூழ்கு பம்ப். பக்கத்தில் ஒரு கீலில் மேலும் கீழும் ஆடும் மிதவை, அதற்குள் ஒரு சுவிட்ச். இரண்டுக்கும் 12 வோல்ட் பேட்டரி. நடுவில் ஒரு ஃபியூஸ். படகுக்காரரின் கைக்கு எட்டும் பலகையில் ‘தானாக’, ‘நிறுத்து’, ‘கையால்’ என்று மூன்று நிலை கொண்ட சுவிட்ச். பம்பிலிருந்து ஹோஸ் மேலேறி, நீர்மட்டத்துக்கு மேலே படகின் பக்கவாட்டில் உள்ள துளை வழியாக வெளியே போகும். அவ்வளவுதான். இதில் எது பழுதானாலும் வெளியில் தெரிவது ஒன்றே ஒன்று: பில்ஜில் தண்ணீர்.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பம்பைக் கழற்ற மாட்டார். சுவிட்சை ‘கையால்’ நிலைக்குத் தள்ளுவார். மோட்டார் ஓடினால் பேட்டரி, ஃபியூஸ், பம்ப் மூன்றும் ஒரே நொடியில் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடும். மிச்சமிருப்பது மிதவையும் அதற்குப் போகும் வயரும் மட்டும். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பார். இயந்திரத்திலிருந்து கசிந்த எண்ணெயும் தூசியும் கலந்து கீலில் பசையாகப் பிடித்திருக்கும், அல்லது மிதவைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து அது மிதக்கும் குணத்தை இழந்திருக்கும். மேலே நின்றபடி சிக்கிக்கொள்ளும் மிதவை இன்னும் மோசம். தண்ணீர் தீர்ந்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி காலியாகும், உண்மையான கசிவு வரும் நாளில் இரண்டுமே உதவாது.

‘கையால்’ நிலையிலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் போயிருந்தால், புதிதாகப் போடுவதற்கு முன் விசிறிச் சக்கரத்தில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சுற்ற முடியாமல் நின்ற மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஃபியூஸ் அதைத்தான் தடுத்திருக்கிறது. அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவது, ஆள் இல்லாத படகில் நெருப்பை அடைத்து வைப்பதற்குச் சமம்.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பம்புக்குப் போகும் வயரில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது, ஆனாலும் மோட்டார் ஓடவில்லை அல்லது முனகுகிறது. பலர் இந்த இடத்தில் ஏமாந்து நல்ல பம்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். புதியதும் முனகும்.

நடப்பது இதுதான். மல்டிமீட்டர் வழியாக ஓடும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சொற்பம். வழியில் களிம்பேறிய ஓர் இணைப்பு 1 ஓம் தடையோடு உட்கார்ந்திருந்தாலும் அத்தனை சிறிய ஓட்டத்துக்கு அது ஒரு தடையே அல்ல. மீட்டர் முழு வோல்டேஜையும் காட்டிவிடும். பம்போ 5 ஆம்பியர் கேட்கும். கேட்ட அளவு முழுதாகப் பாயாவிட்டாலும், ஓட்டம் தொடங்கியதும் அதே 1 ஓம் மூன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும், பம்புக்குச் சுமார் 9 வோல்ட்தான் மிஞ்சும். ஆகவே மோட்டார் இணைந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் இரு வயர்களுக்கும் நடுவே அளக்க வேண்டும். மீட்டர் இல்லையா, கார் முகப்பு விளக்கின் பழைய பல்பு ஒன்று போதும். நல்ல இணைப்பில் அது பளிச்சென்று எரியும், களிம்பேறியதில் மங்கிச் சிவக்கும்.

அந்தக் களிம்பு வரும் விதம் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. படகின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாலும் பில்ஜ் பம்ப் வேலை செய்ய வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேரடி இணைப்பு கொடுப்பது வழக்கம். அதாவது மிதவை சுவிட்ச் வரைக்கும் வயரில் இரவும் பகலும் 12 வோல்ட் நிற்கிறது. அந்த வயரின் மேலுறையில் ஊசி குத்திய அளவு ஒரு காயம் இருந்து, அது உப்புத் தண்ணீரில் மூழ்கினால், மின்முலாம் பூசும் தொட்டியில் நடக்கும் அதே வினை பில்ஜில் நடக்கும். நேர்முனையாக இருக்கும் செம்பு அயனியாகக் கரைந்து தண்ணீருக்குள் போகும். பச்சையும் நீலமுமாகப் பொடி பூக்கும். வெளியுறை முழுதாகத் தெரியும், உள்ளே செம்பு இருக்காது.

காயம் நீருக்கு மேலே இருந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, திறந்த வயர் முனையில் நுழையும் ஈரம் மெல்லிய செம்பிழைகளுக்கு இடையே ஏறிப் போகும். அதனால்தான் படகுகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயரைப் பயன்படுத்துகிறார்கள். இணைப்புகளைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்து, உள்ளே பசை கொண்ட சுருங்கும் உறையைப் போட்டு வெப்பம் காட்டி மூடுகிறார்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு சமையலறைச் சுவரில் பல வருடம் தாங்கும். பில்ஜில் அது ஒரு பருவம் தாங்கினால் பெரிது.

இப்போது இரண்டாவது வகைப் புகார்: மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, வெளியே தண்ணீர் விழவில்லை. கிணற்று மோட்டாரோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. லோ வோல்டேஜில் மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. ஏன்? இந்தப் பம்ப், மையவிலக்கு விசையால் வேலை செய்வது. சுற்றும் சக்கரம் தண்ணீரை விளிம்புக்கு வீசுகிறது, அந்த வேகமே அழுத்தமாக மாறி நீரைத் தூக்குகிறது. தூக்கும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். இஞ்சின் ஓடி 13.6 வோல்ட் கிடைக்கும்போது 3 மீட்டர் தூக்கக்கூடிய பம்புக்கு, மேலே கண்ட களிம்பு இணைப்பால் 9 வோல்ட்தான் வருகிறது என்றால், வேகம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகும். தூக்கும் உயரமோ 1.3 மீட்டராகச் சரியும். வெளியேறும் துளை பில்ஜிலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், தண்ணீர் ஹோஸுக்குள் ஏறி, துளையை எட்டும் முன்பே நின்றுவிடும். சக்கரம் சுற்றும், ஒரு சொட்டும் வெளியே போகாது.

அடுத்தது காற்று. மையவிலக்குப் பம்ப் தண்ணீரை வீசும், காற்றை வீசத் தெரியாது. ஹோஸ் நேராக ஏறாமல் ஓரிடத்தில் தொட்டில் கயிறுபோல் தொங்கியிருந்தால், அந்தத் தொங்கலில் பழைய தண்ணீர் தங்கி மூடிபோல் அடைத்துக்கொள்ளும். அதற்கும் பம்புக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை மோட்டார் அந்தக் காற்றுக்குள்ளேயே சுற்றும். சத்தம் சற்று உச்ச சுருதியில், சுமையில்லாத ஒலியாகக் கேட்கும். காது பழகியவர்கள் இதை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஹோஸைக் கழற்றி மாட்டினால் அப்போதைக்குச் சரியாகும். தொங்கலை எடுத்து, பம்பிலிருந்து வெளித்துளை வரை ஒரே ஏற்றமாகக் கட்டினால்தான் நிரந்தரம்.

குப்பையும் உண்டு. மரச்சீவல், தலைமுடி, யாரோ நறுக்கிப் போட்ட கேபிள் டையின் வால், ஈரத்தில் உரிந்த டப்பா லேபிள். நெடுந்தூரம் போகும் மாலுமிகள் உணவு டின்களின் காகித லேபிளைக் கரையிலேயே உரித்துவிட்டு, உள்ளே என்ன என்பதை டின் மேல் எழுதி வைப்பது பழைய வழக்கம். வெள்ளம் புகும் நாளில் அந்தக் காகிதம்தான் முதலில் மிதந்து வந்து பம்பின் சல்லடையில் ஒட்டும்.

மூன்றாவது புகார் விசித்திரமானது. பம்ப் ஓடுகிறது, தண்ணீரும் போகிறது, நிற்கிறது. சற்று நேரத்தில் மறுபடி ஓடுகிறது. இரவெல்லாம் இதே கதை. கசிவு எங்கே என்று படகு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் கசிவே இல்லை. 28 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் 3 மீட்டர் நீளம் இருந்தால் அதற்குள் 1.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். பம்ப் நின்றதும் அத்தனையும் திரும்பப் பள்ளத்தில் விழும். அகலமான மோட்டார் படகில் அது ஒரு பொருட்டல்ல. ஆழ ஏரா கொண்ட பாய்மரப் படகில் பில்ஜ் கிணறுபோல் குறுகலானது. இரண்டு லிட்டருக்கே மட்டம் உயர்ந்து மிதவையைத் தூக்கிவிடும். அதே இரண்டு லிட்டர் மேலே போய், கீழே வந்து, மேலே போய், பேட்டரியைக் குடிக்கும்.

ஹோஸில் ஒரு திரும்பா வால்வு போட்டால் தீர்ந்தது என்று உடனே தோன்றும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு போடுகிறவர்களுக்கு அது இயல்பான யோசனை. ஆனால் படகு வல்லுநர்கள் இதில் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. வால்வு நீர் வெளியேறும் வேகத்தைக் குறைக்கும். அதன் மடிப்பில் ஒரு முடி சிக்கினால் மூடாது, உப்பு படிந்தால் திறக்காது. மேலே நிற்கும் நீரின் எடை வால்வை அமுக்கிக்கொண்டிருக்க, கீழே பம்புக்குள் காற்று மாட்டினால் அதைத் தள்ளித் திறக்கவும் முடியாது. அமெரிக்கப் படகுத் தரநெறிகள்கூட வேறு வழியே இல்லாத இந்த ஒரு தேவைக்கு மட்டும்தான் அதை அனுமதிக்கின்றன. அதைவிட நல்ல ஏற்பாடு, பள்ளத்தின் அடியில் ஒடுங்கிய ஹோஸோடு ஒரு சிறிய பம்ப், அதற்கு மேலே ஆபத்து வேளைக்கென்று தனி மிதவையோடு ஒரு பெரிய பம்ப். அன்றாடக் கசிவைச் சின்னது பார்த்துக்கொள்ளும். பெரியது நனையாமல், துருப்பிடிக்காமல் காத்திருக்கும்.

பாய்மரப் படகுக்கே உரிய இன்னொரு ஆபத்து, அது சாயும் என்பது. காற்று பக்கவாட்டில் அடிக்க, படகு 25 டிகிரி சாய்ந்து மணிக்கணக்கில் ஓடும். துறைமுகத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த வெளித்துளை இப்போது கடலுக்குள். பம்ப் ஓடி நிற்கிறது. ஹோஸ் முழுக்கத் தண்ணீர், வெளிமுனை நீருக்கடியில், உள்முனை அதைவிடத் தாழ்வான பில்ஜில். மண்ணெண்ணெய் டின்னில் குழாய் போட்டு வாயால் ஒருமுறை உறிஞ்சிவிட்டால் பிறகு தானாக இறங்குமே, அதேபோலக் கடல் பம்ப் வழியாகவே படகுக்குள் இறங்கத் தொடங்கும். தண்ணீரை வெளியேற்ற வைத்த வழியே தண்ணீர் வரும் வழியாகிவிடும். ஹோஸைப் படகின் நடுக்கோட்டை ஒட்டி உயரமாகக் கொண்டுபோய் வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்று நுழையும் சிறு வால்வு ஒன்றைப் பொருத்தினால் இந்த இழுவை அறுந்துவிடும். அந்தச் சிறு வால்வின் வாய் உப்பால் அடைபட்டிருந்தால் வளைவு இருந்தும் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அதைக் கழுவுவது ஐந்து நிமிட வேலை.

எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தப் பம்ப் எவ்வளவு தாங்கும்? நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே, 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் உடைந்தால் வினாடிக்கு ஒரு லிட்டர் வீதம் கடல் உள்ளே வரும். மணிக்கு 3,600 லிட்டர். சிறிய படகுகளில் பரவலாகக் காணும் ‘500 கேலன்’ பம்ப், பெட்டியில் எழுதியிருப்பதன்படியே மணிக்கு 1,900 லிட்டர்தான் இறைக்கும். அந்த எண்ணும் ஹோஸ் இல்லாமல், உயரம் ஏற்றாமல் அளந்தது. படகில் பொருத்திய பிறகு பாதி கிடைத்தாலே நல்லது. 5 ஆம்பியர் தின்னும் பம்புக்கு 100 ஆம்பியர்-மணி பேட்டரி, பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது என்ற கணக்கில், பத்து மணி நேரம். ஆக உடைந்த படகை இது காப்பாற்றாது. துளையைத் தேடி அடைப்பதற்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும்.

தேடுவதற்கு முதலில் தெரிய வேண்டும். தானியங்கியின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அது நன்றாக வேலை செய்தால் கசிவு கண்ணிலேயே படாது. அதே கோல்டன் குளோப் பந்தயத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஓட்டிய ‘சுஹைலி’, பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. அதிலும் தண்ணீர் கசிந்தது. அவர் அதைக் கையால் இறைத்துக்கொண்டிருந்ததால், அளவு கூடுவதை அவருடைய தோளே சொல்லிவிட்டது. கேப் வெர்டே தீவுகளின் பக்கம் படகை நிறுத்தி, நீருக்குள் முங்கிப் பார்த்தார். அடிப்பலகைகளின் இணைப்பு விரிந்திருந்தது. மூச்சைப் பிடித்துப் பிடித்து முங்கி, பருத்தித் திரியைச் செருகி, மேலே துணிப்பட்டையும் செம்புத் தகடும் அறைந்தார். நடுவில் சுறா வந்து வட்டமிட, மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாட்கள் கழித்து ஃபால்மத் திரும்பி, பந்தயத்தை முடித்த ஒரே ஆள் ஆனார். பரிசுப் பணம் 5,000 பவுண்டை குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்தார்.

அந்தத் தோள் செய்த வேலையைத் தானியங்கிப் படகில் ஓர் எண்ணி செய்யலாம். பம்ப் எத்தனை முறை ஓடியது என்று காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. கூடவே, முதல் மிதவைக்கு ஒரு சாண் மேலே இன்னொரு மிதவை வைத்து அதற்கு மணி கட்டிவிட்டால், பம்பால் சமாளிக்க முடியாத நாளில் அது எழுப்பிவிடும். எண்ணிக்கை கூடினால் பில்ஜ் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது மாலுமிகளின் பழக்கம். எண்ணெயோ கழிவோ கலக்காத தண்ணீராக இருந்தால் அதைவிட விரைவான சோதனை இல்லை. உப்புக் கரித்தால் கடல், கரிக்காவிட்டால் மழையோ குடிநீர்த் தொட்டியோ. தேடல் உடனே பாதியாகக் குறைந்துவிடும்.

பம்பைச் சோதிக்கிறேன் என்று பலர் மிதவையை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விரல் தூக்கினால் எண்ணெய்ப் பசை பிடித்த மிதவையும் எழும், தண்ணீர் குடித்துக் கனத்த மிதவையும் எழும். தண்ணீர் தூக்க வேண்டும். பத்து லிட்டர் வாளி ஒன்றை நிரப்பி பில்ஜில் ஊற்றினால், மிதவை, வயர், மோட்டார், சல்லடை, ஹோஸ், வெளித்துளை எல்லாம் ஒரே சமயத்தில் தேர்வுக்கு வந்துவிடும். ஒருவர் உள்ளே காது கொடுக்க, இன்னொருவர் வெளியே கடிகாரத்தோடு நின்று தண்ணீர் விழத் தொடங்கி நிற்கும்வரை எண்ண வேண்டும். 20 வினாடி என்றால் மணிக்கு 1,800 லிட்டர். அந்த எண்ணைத் தேதியோடு பம்புக்கு மேலே உள்ள பலகையின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைக்கலாம். அடுத்த மாதம் அதே வாளி 30 வினாடி எடுத்தால், பலகையை மூடாமல் சல்லடையைக் கழற்ற வேண்டும். அதில் ஒன்றும் இல்லையென்றால் மீட்டரை எடுத்துக்கொண்டு வயரின் வழியே போக வேண்டும்.